அலைக்குளத்துப் பரணி

பரணியைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். கட்டின புருஷனைத் தண்ணீரில் முக்கிக் கொல்லப் பார்த்தவள் என்று அவன் ஊரான மங்கலத்தில் பேச்சு. அப்படித்தான் கொடுக்கணும் என்று செல்போனில் வீடியோ பார்த்தவர்கள் கைதட்டுகிறார்கள். இரண்டு கூட்டத்தையும் நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவர்களில் ஒருத்தர்கூட அவளோடு உட்கார்ந்து ஒரு வாய் சோறு தின்றதில்லை. நான் தின்றிருக்கிறேன். ஸ்டாஃப் ஹாஸ்டலில் அவளுக்கும் எனக்கும் ஒரே அறை. அவள் மகள் ஜனனி பாதி நாள் என் கட்டிலில்தான் தூங்கும்.

என் பெயர் ஜெய்புன்னிசா. திருமுருகன்பூண்டியைத் தாண்டி இருக்கிற தண்ணீர் பார்க்கில் காஸ்ட்யூம் கவுண்டர் என் பொறுப்பு. குளிக்க வருகிறவர்களுக்கு நைலான் உடுப்பு வாடகைக்குக் கொடுப்பேன், நனைந்ததைத் திருப்பி வாங்கிப் போடுவேன். பார்க்குக்கு ஜனங்கள் சிரிக்க வருகிறார்கள் என்று வெளியே நினைக்கிறார்கள். அடித்துக்கொள்ளவும் வருகிறார்கள். போனஸ் வாங்கிய சூட்டோடு வேன் பிடித்து வந்து இறங்குகிற பனியன் கம்பெனிப் பையன்கள், சறுக்கில் யார் முன்னால் போவது என்று மண்டையை உடைத்துக்கொள்வதை அடிக்கடி பார்க்கலாம். குடித்துவிட்டு வந்த ஒருவன் ஈர உடுப்பைச் சுருட்டி என் முகத்தில் எறிந்தான். நான் கவுண்டரைச் சுற்றிக்கொண்டு போய் அதே உடுப்பால் அவன் கன்னத்தில் விளாசிவிட்டேன். எனக்கு எச்சரிக்கை கிடைத்தது, அவனுக்கு இலவச ஐஸ்கிரீம் கிடைத்தது. கஸ்டமர் மேல் கை வைத்தால் அடுத்த முறை சீட்டு கிழிந்துவிடும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

பரணி வேலை கேட்டு வந்த நாளில் நானும் அந்த அறையில் இருந்தேன். நீச்சல் டெஸ்டுக்கு உடுப்பு எடுத்துவரச் சொல்லி எச்.ஆர். தரணீதரன் சார் என்னைக் கூப்பிட்டிருந்தார். எதிரே ஒரு ஒல்லியான பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். இடது புருவத்தில் தையல், நூல் இன்னும் பிரிக்கவில்லை. மடியில் ஒரு பெண்குழந்தை, காலடியில் ஒரு கட்டைப்பை.

"ஆக்சிடெண்டுங்களா?" என்று கேட்டார் சார், புருவத்தைக் காட்டி.

"இல்லீங்க சார். ஊட்டுக்காரரு நாடாவ எடுத்து எறிஞ்சாருங்க."

நாடா என்றால் விசைத்தறியில் குறுக்கே பாய்ந்து பாய்ந்து ஓடுகிற கட்டை. இரண்டு முனையிலும் இரும்புக்கூர் இருக்கும். கண்ணில் பட்டிருந்தால் கண் போயிருக்கும். சார் நல்ல மனுஷர்தான், ஆனால் இப்படி நேருக்கு நேர் பதில் வந்தால் அவருக்குக் கை கால் ஓடாது. பேனாவை மூடித் திறந்து, நீச்சல் எங்கே கற்றாள் என்று கேட்டார்.

"எங்கப்பன் ஊடு அமராவதி நகருங்க. வாய்க்கால்லயே வளந்தவ."

டெஸ்டில் மணல் மூட்டையைத் தண்ணீருக்கு அடியில் போட்டார்கள். அவள் ஒரே முக்கில் எடுத்துக்கொண்டு வந்தாள். அப்போதே வேலை உறுதி. பிறகு சார் சலுகைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். ஹாஸ்டலில் இடம் இலவசம், மூன்று வேளை சாப்பாடு இலவசம், இ.எஸ்.ஐ., பி.எஃப். உண்டு, பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொள்ள குழந்தைகள் காப்பகம் உண்டு, முதுகில் ஸ்டாஃப் என்று எழுதிய பச்சை டி-சர்ட் உண்டு, வருஷத்தில் ஒரு நாள் குடும்பத்தோடு கஸ்டமர் மாதிரியே உள்ளே வந்து விளையாட ஃபேமிலி பாஸ் உண்டு. இதையெல்லாம் கேட்டதும் எங்கள் முகமெல்லாம் மலர்ந்தது மாதிரி அவள் முகம் மலரவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"வெளியாளு உள்ள வர முடியுங்களா சார்?"

"டிக்கெட் இல்லாம ஒரு ஈ உள்ள வராதுங்க" என்றார் சார், பெருமையாக.

"அப்ப சரிங்க" என்றாள். அதற்குப் பிறகுதான் குழந்தையை மடியிலிருந்து இறக்கி விட்டாள்.

அவள் புருஷன் ஆறுமுகசாமி மங்கலத்தில் தறி ஓட்டுகிறவன். இவள் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைத்தவள். அடிக்கக் காரணம் என்று எதுவும் அவனுக்குத் தேவைப்பட்டதில்லை. குழம்பில் உப்பு இருந்தாலும் அடி, இல்லாவிட்டாலும் அடி. கம்பெனி வேன் தாமதமாக வந்தால் வாசலிலேயே முடியைப் பிடிப்பான். ஒரு முறை அவள் வலது கையைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினான், தைக்கிற கை என்று தெரிந்தே. லைன் வீட்டில் அடுத்தடுத்து எத்தனை குடும்பம் இருந்தும், தறிச் சத்தத்தில் காதில் விழவில்லை என்றார்களாம். தறி நின்ற நேரத்திலும் அவர்களுக்குக் காது கேட்கவில்லை. அவள் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள், அது எனக்கு இன்னமும் கோபம்தான். ஆனால் நாடாவை எறிந்த அன்று அவன் குறி வைத்தது அவளை இல்லை, அழுதுகொண்டிருந்த ஜனனியை. இவள் நடுவே பாய்ந்ததில்தான் புருவம் கிழிந்தது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகாமல் நேராக பஸ் ஏறினாள். பஸ்ஸின் பின்னால் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்துத்தான் எங்கள் பார்க்குக்கு வந்தாள்.

இப்படி வந்தவளை அலைக்குளத்தில் போட்டார்கள். பார்க்கிலேயே மோசமான இடம் அது. ஹாரன் அடித்ததும் எந்திரம் அலையைக் கிளப்பும். ஒரு பக்கம் முழங்கால் ஆழம், மறுபக்கம் ஆளை முக்கும் ஆழம். ஆழமான பக்கத்துச் சுவரோரம், உயர நாற்காலியில் விசிலோடு பரணி உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு மேலே இசக்கிமுத்து என்று ஒருவன், தூத்துக்குடிக் கடற்கரைக்காரன், அவளைவிடச் சின்னவன். லைஃப்கார்டுகளுக்கெல்லாம் அவன்தான் தலைமை. சேர்ந்த புதிதில் அவன் அவளுக்குச் சொன்னதை என் கவுண்டரில் நின்றே கேட்டேன்.

"எக்கா, முங்குதவன் சும்மா முங்க மாட்டான். காப்பாத்த வந்தவ கழுத்தத்தான் பிடிப்பான். ஒன்னையும் சேத்து முக்கிருவான். மொதல்ல மூஞ்சில ஒரு அடி. பிடி விட்டதும் பின்னால போயித் தாடைய ஏந்தித் தூக்கணும். இரக்கப்பட்டு அடிக்காம விட்டேன்னா ரெண்டு பொணம்."

"அடிக்கலாமுங்களா?" என்று கேட்டாள் பரணி. கேட்ட விதத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே சிரித்ததற்கு வெட்கமும் வந்தது.

"அடிக்கணும்க்கா. அதான் பயிற்சி."

அவனைத் தண்ணீரில் இறக்கி ஒத்திகை பார்த்தார்கள். அவன் கழுத்தைப் பிடித்தான், அவள் அடித்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தவன், மெதுவா அடிக்கா, இது ஒத்திகைதான் என்றான். ரத்தம் வந்திருந்தது. அவள் பயந்துபோய் மன்னிப்புக் கேட்டாள். அன்று சாப்பிடும்போது தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சில மாதங்களில் அவள் ஆளே மாறிவிட்டாள். போதையில் பெண்களை இடிக்கிறவனை நாற்காலியிலிருந்து இறங்கிவந்து காதைப் பிடித்துக் கரையேற்றுவாள். இரண்டு கம்பெனிப் பையன்கள் தண்ணீருக்குள் கட்டிப்புரண்டபோது நடுவில் புகுந்து பிரித்தாள். ஒருவன் முழங்கை பட்டு உதடு கிழிந்ததைப் பிறகுதான் கவனித்தாள். கஸ்டமரை மட்டும் அவள் அடித்ததே இல்லை. இந்த வேலை போனால் அவனைத் தடுக்கிற இந்தப் பார்க் சுவரும் போகும் என்று சொல்வாள்.

ஜனனிக்கு மட்டும் இந்தச் சுவர் பிடிக்கவில்லை. ஆறு வயசுப் பிள்ளை, பள்ளிக்கூடம் விட்ட நேரமெல்லாம் காப்பகத்தில் கிடக்கும். வெளியே ஹாரன் அடிக்கிறது, எல்லாரும் ஓவென்று கத்துகிறார்கள், இதற்கு ஜன்னல் வழியாகச் சத்தம் மட்டும்தான். ஸ்டாஃப் பிள்ளைகளுக்கு மற்ற நாளில் தண்ணீரில் இறங்க அனுமதி கிடையாது. ஃபேமிலி பாஸில்தான் இறங்கலாம்.

"அம்மா, நாம எப்பம்மா கஸ்டமரா போவோம்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

"போலாம் கண்ணு. அடுத்த மாசம் போலாம்" என்பாள். அந்த அடுத்த மாசம் வரவே இல்லை. பாஸில் குடும்பம் என்று போட்டிருந்தது. அதைக் கையில் வாங்கினாலே அவளுக்கு முகம் கறுத்துவிடும். நானும் சொல்லிப் பார்த்தேன், நீயும் அவளும் போதும்டி, போய்க் குளித்துவிட்டு வா என்று. கேட்கவில்லை.

அதற்குள் சுற்றுலா வந்த மங்கலத்துக்காரன் எவனோ பரணியை நாற்காலியில் பார்த்துவிட்டுப் போய் ஆறுமுகசாமியிடம் சொல்லிவிட்டான். மறுவாரமே ஆள் மெயின் கேட்டில் நின்றான். என் பொண்டாட்டியைக் கூப்பிடு என்று கத்தினான். காவலாளி தடுத்ததும் கல்லை எடுத்து அவர் முழங்காலில் அடித்தான். டிக்கெட் கவுண்டர் கண்ணாடியை நொறுக்கினான். என் பொண்டாட்டி எனக்குத் தேவையில்லை, என் புள்ளையத் தாங்கடா என்று கடைசியில் அவன் கத்தியது உள்ளே வரைக்கும் கேட்டது. அன்றுதான் நானும் அவன் முகத்தைப் பார்த்தேன். மெயின் கேட்டில் எல்லாருக்கும் அவன் முகம் மனப்பாடம் ஆயிற்று. இனி அவன் உள்ளே வரவே முடியாது என்று தரணீதரன் சார் பரணிக்குச் சத்தியமே பண்ணினார்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்க்காரர்களின் புத்தியைச் சொல்லாமல் முடியாது. எங்கள் பச்சை டி-சர்ட்டைத் தைத்தது திருப்பூர் கம்பெனி ஒன்று. ஆர்டர் எவ்வளவோ அதற்கு மேலே கொஞ்சம் வெட்டுவார்கள், தையலில் கெட்டது போனால் ஈடுகட்ட. கெடாமல் மிஞ்சினது மலிவு விலைக்குக் காதர்பேட்டைச் சந்தைக்குப் போகும். அமெரிக்காக்காரன் சட்டையும் அங்கே நடைபாதையில் குவிந்து கிடக்கும். இது தெரியாதவர் திருப்பூரில் யாருமில்லை. பார்க் முதலாளி குடும்பத்துக்கே பனியன் கம்பெனி இருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்த விஷயம் ஒருவர் புத்தியிலும் உறைக்கவில்லை. எங்கள் சட்டையும் மிஞ்சியிருக்குமே, அதுவும் அங்கேதானே கிடக்கும் என்று நானும் நினைக்கவில்லை, நான் பிறந்ததே காதர்பேட்டைக்குப் பக்கத்துச் சந்தில்.

இன்னொரு புத்தியும் உண்டு. ஸ்டாஃப் கேட்டில் இருக்கிற காவலாளி பனியன் கம்பெனியில் காலமெல்லாம் காவல் இருந்தவர். கம்பெனியில் வெளியே போகிறவரைத்தான் தடவிப் பார்ப்பார்கள், இடுப்பில் பனியனைச் சுற்றிக்கொண்டு போகிறார்களா என்று. உள்ளே வருகிறவரை யார் பார்த்தார்கள்? அந்தப் பழக்கத்தோடு இங்கேயும் உட்கார்ந்திருந்தார். பச்சைச் சட்டை உள்ளே வந்தால் தலையைக்கூட நிமிர்த்த மாட்டார்.

ஆறுமுகசாமி பண்டிகைக்குத் துணி எடுக்கக் காதர்பேட்டை போயிருக்கிறான். நடைபாதையில் பச்சைக் குவியல், முதுகில் ஸ்டாஃப் என்ற எழுத்து. தன் அளவுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டான்.

அது ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. அலைக்குளம் முழுக்கத் தலைகள்தான் தெரிந்தன. ஸ்டாஃப் கேட் வழியாக நுழைந்து, காப்பகத்துக்குள் பச்சைச் சட்டைக்காரன் ஒருவன் வந்து நின்றதும் அங்கிருந்த ஆயம்மாளுக்குச் சந்தேகமே வரவில்லை. ஸ்டாஃப் வந்து பிள்ளையைக் கூட்டிப்போவது தினமும் நடக்கிறதுதான். ஜனனி வேறு அப்பா என்று எழுந்து ஓடியிருக்கிறது. "அலைக்குப் போலாமா சாமி?" என்று கேட்டானாம். மாசக்கணக்காக அம்மா தள்ளிப்போட்டதை அவன் ஒரு வாயில் கொடுத்துவிட்டான். பிள்ளை வராமல் என்ன செய்யும்?

ஸ்டாஃப் கேட் வழியாகப் பிள்ளையைத் தூக்கிப் போனால் காவலாளி நிறுத்துவார். அதனால் பார்க்கைக் குறுக்கே கடந்து மெயின் கேட் வழியாக வெளியேறப் பார்த்தான். மெயின் கேட்டில் உள்ளே வருகிறவர்களைத்தான் பார்ப்பார்கள், போகிறவர்களை இல்லை. அந்தப் பாதை என் கவுண்டருக்கு எதிரே, அலைக்குளத்தின் ஆழப்பக்கத்துச் சுவரை ஒட்டிப் போகிறது.

முதலில் எனக்குக் கண்ணில் பட்டது சட்டைதான். எங்கள் சட்டையெல்லாம் குளோரின் தண்ணீரில் வெளுத்துப் பாசி நிறம் ஆகியிருக்கும். இவன் சட்டை பளபளவென்று கிளிப்பச்சையாக, மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தது. புது ஆள் யாரடா என்று முகத்தைப் பார்த்தேன். யா அல்லா! தோளில் ஜனனி.

குளத்தைத் தாண்டிப் போவதைப் பார்த்ததும் பிள்ளை முரண்டு பிடித்தது. "அலைக்குப் போலாம்னீங்கல்ல, அங்க இருக்குதுங்கப்பா" என்று காலை உதைத்தது. அவன் பளாரென்று வாயில் ஒன்று விட்டான். அவ்வளவு கூச்சலிலும் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

"பரணீ!" என்று கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன்.

அவள் ஏற்கெனவே நாற்காலியில் இல்லை. குதித்திருந்தாள். தோளில் மாட்டியிருந்த சிவப்பு மிதவையைக் கழற்றி ஓடிவந்த வேகத்திலேயே அவன் முதுகில் வீசினாள். அவன் திரும்பினான். பிள்ளையை ஒரு கையில் இடுக்கிக்கொண்டே மறுகையால் அவள் வயிற்றில் குத்தினான். அவள் மடங்கினாள். முடியைப் பிடித்து முகத்தைக் கைப்பிடிக் கம்பியில் மோதினான். ஒரு முறை, இன்னொரு முறை. பழைய தையல் போட்ட புருவம் மறுபடி திறந்து ரத்தம் கொட்டியது. சுற்றிலும் செல்போன்கள் எழும்பின. இரண்டு பேர் முதுகிலும் ஸ்டாஃப் என்று எழுதியிருந்ததால் ஜனங்கள் ஏதோ வேடிக்கை நிகழ்ச்சி என்று நினைத்துக் கைதட்டினார்கள். ஓடிவந்த காவலாளிகள் இரண்டு பேரும் எந்த ஸ்டாஃபைப் பிடிப்பது என்று தெரியாமல் நின்றார்கள், மண்ணாந்தைகள்.

நான் உடுப்புக் கூடையை அவன் காலில் தள்ளினேன். தடுமாறினான், பிள்ளை நழுவியது. வாரி எடுத்துக்கொண்டேன். பிள்ளை கையை விட்டுப் போனதும் அவனுக்கு வெறி தலைக்கேறிவிட்டது. பரணியின் கழுத்தை இரண்டு கையாலும் நெரித்துக் கம்பியில் சாய்த்தான். அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகச் சாய்ந்தாள். வேண்டுமென்றே சாய்ந்தாள், நான் பார்த்தேன். இரண்டு பேரும் கம்பியைத் தாண்டி ஆழத்தில் விழுந்தார்கள். அப்போதுதான் ஹாரன் அடித்தது.

தறிக்காரனுக்கு நீச்சல் தெரியாது. அலை ஒன்று தூக்கி, அடுத்தது அமுக்கியது. அவன் அவள் கழுத்தை விடவே இல்லை, ஆனால் இப்போது கொல்ல இல்லை, பிழைக்க. இரண்டு தலையும் உள்ளே போனது. வந்தது. மறுபடி போனது. இசக்கிமுத்து அலையை நிறுத்தச் சொல்லிக் கத்திக்கொண்டே குதித்தான்.

மேலே வந்தபோது அவள் அடித்தாள். உள்ளங்கையின் அடிப்பாகத்தால், மூக்கின் மேல். பிடி விட்டது. பயிற்சிப்படி அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். அவள் மறுபடி அடித்தாள். அவன் கை சும்மா தண்ணீரில் மிதந்தபோதும் அடித்தாள். மேலே வந்த தலையைப் பிடித்து உள்ளே அமுக்கினாள். அப்படியே விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் என்னைப் பார்த்துத்தான் இருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. விடு என்று நான் சொல்லவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

என் இடுப்பிலிருந்த ஜனனிதான் கத்தியது. "அம்மா, அப்பாவ அடிக்காதம்மா! அம்மா வேண்டாம்மா!"

அவள் கையை எடுத்தாள். பின்னால் போய் அவன் தாடையை ஏந்தினாள். இசக்கிமுத்து உதவிக்கு வந்ததைத் தள்ளிவிட்டு, தானே இழுத்துக்கொண்டு கரைக்கு வந்து டைல்ஸில் போட்டாள். நெஞ்சை அமுக்கினாள். வாயில் வாய் வைத்து ஊதினாள், அவன் வாயில். தண்ணீரைக் கக்கிவிட்டுக் கண்ணைத் திறந்ததும் அந்த நாய் முதலில் செய்தது என்ன தெரியுமா? கையை நீட்டி அவள் முடியைத் தேடியது. அந்தக் கையை இசக்கிமுத்து மிதித்துப் பிடித்தான்.

போலீஸ் வந்து அவனைக் கொண்டுபோனது. மறுநாள் பரணியை எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டார்கள். சாட்சி என்று நானும் இசக்கிமுத்துவும் போனோம். புருவத்தில் புதுத் தையலோடு, வேலை கேட்டு வந்த அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தரணீதரன் சாருக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை.

"உங்க நெலம புரியுதுங்க. ஆனா வீடியோ ஊரெல்லாம் போயிருச்சு. அவரு நம்ம ஸ்டாஃப் இல்லைன்னா கஸ்டமருங்க. கஸ்டமர் மேல கை வெச்சா ரூல் என்னன்னு உங்களுக்கே தெரியும். மேல இருந்து கேக்கறாங்க..."

எனக்கு மண்டை வெடித்தது. வாயைத் திறப்பதற்குள் பரணி பேசினாள். கழுத்து நெரிபட்டதில் குரல் கரகரத்தது.

"டிக்கெட் இல்லாம ஒரு ஈ வராதுன்னு சொன்னீங்களே சார். அந்தாளு டிக்கெட் எடுத்தானுங்களா?"

சார் மேஜையைப் பார்த்தார்.

"கஸ்டமரும் இல்லீங்க, ஸ்டாஃபும் இல்லீங்க. பின்ன நான் யார அடிச்சேங்க?"

பிறகு சார், அத்தனை முறை எதற்கு அடித்தாள் என்று இசக்கிமுத்துவைக் கேட்டார். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "பிடி விடலியே சார். பயிற்சி அதுதான்" என்றான். பொய் சொல்லத் தெரியாதவன் சொன்ன பொய். சாருக்கும் தெரியும். வேலை போகவில்லை.

பார்க்கில் சட்டையின் நிறத்தை ஆரஞ்சாக மாற்றினார்கள். ஒரு மாசம் ஆகவில்லை, காதர்பேட்டையில் எங்கள் சந்துக்காரன் அக்பர் கடையில் ஆரஞ்சுக் குவியலைப் பார்த்தேன். "இது என்ன அக்பரு?" என்றால், "நல்ல ஐட்டங்க்கா, மிச்சப் பீஸு" என்று சிரிக்கிறான். வந்து சொல்லி நான் போட்ட கூச்சலுக்குப் பிறகுதான் ஸ்டாஃப் கேட்டில் உள்ளே வருகிறவர் முகத்தையும் பார்க்கத் தொடங்கினார்கள். ஆறுமுகசாமி ஜாமீனில் வெளியே இருக்கிறான். பார்க் பக்கம் வரக்கூடாது என்று கோர்ட்டில் சொல்லியிருக்கிறார்கள். சொன்னதைக் கேட்கிற ஆளா அவன், பார்ப்போம்.

பரணி காத்துக்கொள்ள நினைத்தது வேலையை இல்லை, பிள்ளையை. பிள்ளை கிடைத்துவிட்டது என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம்.

ஒரு காலையில் ஜனனிக்குத் தலைசீவ, அலமாரி மேலிருந்த சீப்பை எடுக்கக் கையைத் தூக்கினாள் பரணி. பிள்ளை சட்டென்று குனிந்து இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டது. மங்கலத்தில் அப்பன் கையைத் தூக்கினால் அப்படித்தான் மூடுமாம். பரணி தூக்கின கையோடு நின்றாள். பிறகு சீப்பை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டாள். அன்றிலிருந்து பிள்ளை என்னிடம்தான் தலைசீவிக்கொண்டது, என் பக்கத்திலேயே படுத்தது. அம்மா அருகில் வந்தால் பேசாமல் இருக்கும், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும். பரணி ராவெல்லாம் விழித்திருப்பதை நான் அறிவேன். புருஷன் அடித்தபோதுகூட அவள் இப்படி உடைந்ததில்லை. எனக்கு அந்தப் பிள்ளைமேல் கோபம் வந்தது, அடுத்த நிமிஷம் அந்தக் கோபத்துக்காகவே அழுகை வந்தது.

ஒரு வார நாளில், கூட்டம் குறைவாக இருந்தபோது, என் கவுண்டருக்கு முன்னால் பரணி வந்து நின்றாள். சீருடை இல்லை, சாதாரண சுடிதார். கையில் ஃபேமிலி பாஸ். கொஞ்சம் தள்ளி ஜனனி.

"பெருசு ஒண்ணு, சின்னது ஒண்ணு குடுங்கக்கா" என்றாள்.

வரிசையில் நிற்காமல் எடுத்துக்கொள்ளக் கூடியவள், வரிசையில் நின்று வந்திருந்தாள். நல்ல உடுப்பாகப் பொறுக்கிக் கொடுத்தேன். மாற்றிக்கொண்டு வந்தார்கள். அம்மா கையைப் பிடிக்கச் சொன்னால் பிள்ளை என் விரலைப் பிடித்தது. கவுண்டரை மூடிவிட்டு நானும் கரை வரைக்கும் போனேன். நாற்காலியில் அன்று இசக்கிமுத்து உட்கார்ந்திருந்தான். பரணியைப் பார்த்துச் சல்யூட் அடித்தான். அவள் சிரிக்கவில்லை.

ஜனனி கணுக்கால் தண்ணீரில் நின்றது. அப்புறம் முழங்கால். பரணி அதற்கு முன்னால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். தூக்கினால் பிள்ளை பயந்துவிடும் என்று கட்டிக்கொண்டாள்.

ஹாரன் அடித்தது. முதல் அலை மார்பு வரைக்கும் வந்தது, பிள்ளை சிரித்தது. அடுத்தது பெரிதாக வந்து அடியோடு சாய்த்துவிட்டது. மூழ்கி எழுந்ததுதான் தெரியும், தாவி அம்மா மேல் ஏறிவிட்டது. இடுப்பில் கால், கழுத்தில் இரண்டு கை. மூச்சு விட முடியாத பிடி. நெரிபட்ட தடம் இன்னும் மறையாத அதே கழுத்தில். பரணியின் முகம் சிவந்து கண் பிதுங்கியது. இசக்கிமுத்து நாற்காலியில் எழுந்து நின்று, "எக்கா, பிடிய விடுவி, பிடிய விடுவி" என்று கத்தினான்.

அவள் விடுவிக்கவில்லை. பின்னால் கட்டியிருந்த கையை மெதுவாக முன்னால் கொண்டுவந்து பிள்ளையின் முதுகில் வைத்தாள். பிள்ளை உதறவில்லை. அலை நிற்கிற வரைக்கும் அப்படியே நின்றாள்.

பிள்ளையின் நகம் கிழித்த கோடுகள் அவள் கழுத்தில் கொஞ்ச நாள் இருந்தன. மருந்து வாங்கிக் கொடுத்தேன். போட்டுக்கொள்ளவில்லை.